ஒரு வருஷத்துக்குக் கேக் வெட்டலாமா?

(குடிநோய் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டர். குடியை நிறுத்தி 21 வருஷம் ஆகிறது. அவர் போவது ஏ.ஏ. கூட்டம், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அதன் வழக்கப்படி பெயர் போடவில்லை.)

மாஸ்டர் அண்ணாவுக்கு வணக்கம். வருகிற ஆவணியோடு என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒரு வருஷம். நாத்தனார் குடும்பம், என் அண்ணன்மார் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்ட எனக்கு ஆசை. மாமியார், "ஊரைக் கூட்டினால் கண்ணு பட்டுவிடும். குடிச்சான் என்பதே நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கிறது" என்கிறார். அவரோ எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

தங்கச்சி, அந்த 'நாலு பேருக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கோவிச்சுக்காதீங்க. நான் குடித்த காலத்தில் எங்கள் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. என் அம்மா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம் "அவனுக்கு அல்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் மாமியார் பேச்சில் பாதி சரி. கண்ணு படுவதை நான் நம்புவதில்லை. மச்சான்களை நம்புவதில்லை, அதுதான் விஷயம். நாற்பது பேரைக் கூப்பிட்டால் அதில் ஒருத்தராவது, "ஒரு வருஷம் கன்ட்ரோலா இருந்துட்டீங்களே மாப்ளே, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். எங்கள் கூட்டத்தில் வருஷ நாளன்று சறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சை எழுதி முடித்த மாதிரி ஒரு தெம்பு அன்றைக்கு வந்துவிடும். இந்தப் பரீட்சைக்குக் கடைசி நாள் என்று ஒன்று கிடையாது.

என் முதல் வருஷத்தைச் சொல்கிறேன். அன்று காலை ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, அடுப்புப் புகையோடு வீட்டுக்கு வந்தேன். கேக் இல்லை, ஆளும் இல்லை. மனைவி ஜவ்வரிசிப் பாயசம் வைத்திருந்தாள். கூடவே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு தாள் கட்டைக் கையில் கொடுத்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், 365. பால் கணக்கு எழுதத்தான் சேர்த்து வைக்கிறாள் என்று வருஷம் பூரா நினைத்திருந்தேன். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் ஒரு வரி. 'கை நடுக்கம். தம்ளரை ரெண்டு கையாலே பிடித்தார்.' 'இட்லி மூணு.' 'பாப்பாவை ஸ்கூலில் விட்டார்.' 'பயங்கர சண்டை. குடிக்கலை.' அந்தக் கடைசி வரிக்குக் கீழே மட்டும் ரெண்டு கோடு இழுத்திருந்தாள்.

நான்தான் நாள் எண்ணுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் எண்ணியிருக்கிறாள்.

அதனால் உங்களுக்கும் அது ஒரு நாள்தான், கொண்டாட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். நீங்கள், பிள்ளைகள், அத்தை, இது போதும். கேக் வாங்கினால் பிளம் கேக் வேண்டாம், சில பேக்கரிகளில் ரம் ஊற்றுகிறார்கள். சாப்பாடு செரிக்க என்று யாராவது அரிஷ்டம் நீட்டினாலும் வேண்டாம். புளிக்க வைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் உண்டு. சாயங்காலம் அவரை ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னாலும் அங்கே விட மாட்டார்கள், கேக் உண்டு, கைதட்டல் உண்டு. உங்களைப் போன்ற வீட்டார்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது. மதுரைப் பக்கம் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

11 மாதம் 8 நாள் குடிக்காமல் இருந்தேன். நண்பன் வீட்டுப் பால் காய்ச்சில் ரெண்டு பெக். இனி பூஜ்யத்திலிருந்தா? எண்ணுவதே வெறுத்துவிட்டது.
– ஒரு வாசகர், ஓசூர்

தம்பி, ஏ.ஏ. கணக்கில் ஆமாம், கடைசியாகக் குடித்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான். அதில் சலுகை கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தேன்.

இப்போது பயப்பட வேண்டியது அந்த ரெண்டு பெக்கைவிட, 'கணக்குதான் போச்சே, இன்னும் ரெண்டு நாள் குடிச்சுட்டு நிறுத்தலாம்' என்கிற யோசனைக்குத்தான். இத்தனை மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. இன்றைக்கே கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

மேலே ஒரு தாள் கட்டு சொன்னேன் அல்லவா? அதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டு உண்டு, 143 தாள். அஞ்சாவது மாதம் ஒரு மண்டபத்தில் மறுபடி குடியில் விழுந்தேன். அன்றைக்கு 300 பேர் சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டு மானம் போனது. என் மனைவி அந்தக் கட்டைத் தூக்கிப் போடவில்லை. ரெண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கிறது.

என் அண்ணன் தினமும் குடிப்பவர், காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு அப்படியே விட்டுவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?
– கல்லூரி மாணவி, தேனி

மாலை போட்டு விட்டவர்கள் உண்டம்மா. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நின்றவர்களும் உண்டு. நானே மூன்று வருஷம் அப்படி நின்றேன். விரதத்துக்கு முடிகிற தேதி தெரியும். நான் முதல் நாளிலிருந்தே அந்தத் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உன் அண்ணன் விஷயத்தில் அதைவிட அவசரம் வேறு. காலையிலேயே குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் ரெண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், பிரமை தட்டலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் வைத்துப் பார்க்காதே. முதலில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, அப்புறம் மாலை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய், போதை மீட்புக்கான இலவச எண்.

ஏ.ஏ. கூட்டத்தில் காசு மாதிரி ஒன்று தருகிறார்களே, அது எதற்கு? நீங்கள் வைத்திருக்கிறீர்களா?
– ஒரு வாசகர், காரைக்குடி

அதை மெடாலியன் என்போம். முதல் மாதம், மூணாம் மாதம், ஆறு மாதம், வருஷம் என்று போகும். ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருப்பது 1935 ஜூன் 10. ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் கடைசியாகக் குடித்த நாள். ஆபரேஷன் செய்யக் கை நடுங்கக் கூடாது என்று அன்று காலை ஒரு பாட்டில் பீர், அதோடு சரி. கை நடுக்கத்தோடு வெங்காயம் அரிந்தவன் நான், அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அவர் டாக்டராகவே தெரியவில்லை.

அதே ஊர் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி இருந்தார். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு சின்ன மெடலைக் கொடுப்பார். ஒரே நிபந்தனை, மறுபடி குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்து தன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

என் ஒரு வருஷ மெடாலியன் இப்போது என்னிடம் இல்லை. 2009இல் என்னோடு பந்தி பரிமாற வந்த ஒரு பையனிடம் அதே நிபந்தனை சொல்லிக் கொடுத்தேன். அவன் இப்போது தனியாக கான்ட்ராக்ட் எடுக்கிறான், முகூர்த்த நாளில் என் ஆட்களையே இழுத்துக்கொண்டு போகிறான். காசை இன்னும் திருப்பித் தரவில்லை.