நாயோடு மலைப் பயணம்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நாங்கள் கணவன் மனைவி இருவர், ஒரு லாப்ரடார். அமெரிக்காவில், வட கரோலைனாவின் சார்லட்டில் இருக்கிறோம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது ஷெனண்டோவா தேசியப் பூங்கா, ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச் சாலை, ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா என்று ஒரு வாரம் காரில் சுற்றி, டென்ட் போட்டுத் தங்கத் திட்டம். 80 டாலர் தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் வாங்கிவிடலாமா?

பதில்: இந்த ஒரு பயணத்துக்காக என்றால் வேண்டாம். ஷெனண்டோவாவில் ஒரு காருக்கு 30 டாலர், அது 7 நாள் செல்லும். பார்க்வேயில் நுழைவுக் கட்டணமே கிடையாது. ஸ்மோக்கியிலும் நுழைவது இலவசம்தான். ஆனால் 2023 மார்ச்சிலிருந்து, 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. பலர் ஏமாறுவது இங்கேதான். 80 டாலர் பாஸ் கையில் இருந்தாலும் இந்த டேக்குக்குத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். ஆக, மூன்றுக்கும் சேர்த்து 45 டாலரில் வேலை முடிகிறது. அடுத்த 12 மாதத்தில் கட்டணம் வாங்கும் வேறு பூங்காக்களுக்கும் போவீர்கள் என்றால் பாஸைப் பற்றி யோசிக்கலாம். (வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வாசகர்கள் கவனிக்க: அந்தப் பிள்ளையின் பெயரில் கிடைக்கும் இலவச பாஸிலேயே காரில் இருக்கும் எல்லோரும் போகலாம்.)

அப்புறம், பாஸைவிட நாய்க் கணக்குதான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போகிறது. ஸ்மோக்கியில் 800 மைலுக்கு மேல் நடைபாதை உண்டு. நாயோடு நடக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கேட்லின்பர்க் டிரெயில், ஓகோனலஃப்டி ரிவர் டிரெயில். கேம்ப்கிரவுண்டில் கூடவே வைத்துக்கொள்ளலாம், தனியாகக் கட்டிப்போட்டுவிட்டுப் போகக்கூடாது. காரில் விட்டுப்போவது அதைவிட மோசம். வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இதமாக இருக்கும்போதே, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 100-ஐத் தாண்டிவிடும். மிச்சம் இருக்கும் வழி, பூங்காவுக்கு வெளியே காசு கொடுத்து நாய்க் காப்பகத்தில் விடுவது. பகலெல்லாம் காப்பகத்தில் கிடக்க அந்த ஜீவனை எதற்கு அத்தனை தூரம் கூட்டிப்போக வேண்டும்?

ஷெனண்டோவா இதற்கு நேர் எதிர். ஏறக்குறைய 500 மைல் பாதையில் நாய்க்குத் தடை உள்ளது 20 மைல்கூட இல்லை. ஆனால் ஓல்ட் ராக், டார்க் ஹாலோ அருவி, ஸ்டோனி மேன் போன்ற பேர்பெற்ற இடங்கள் அந்தத் தடைப் பட்டியலில்தான் இருக்கின்றன, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ஸ்மோக்கியை இந்த முறை விட்டுவிடுவேன். ஷெனண்டோவாவில் ஆரம்பித்து, பார்க்வேயில் தெற்கே இறங்கி, மிச்ச நாட்களை பிஸ்கா தேசியக் காட்டில் கழிப்பேன். பார்க்வேயில் மணிக்கு 45 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. முழு நீளம் 469 மைல், அவசரப்பட்டால் மலை எதுவும் கண்ணில் தங்காது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலைனா பக்கத்தில் இந்தச் சாலையைப் பலமாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டே கேம்ப் இடத்துக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: டென்ட், காரில் நாயைக் கட்டும் ஹார்னெஸ், நீள்கிற லீஷ் (நாய்க் கயிறு) எல்லாம் வாங்க வேண்டும். எதில் கை தாராளமாக இருக்கலாம்?

பதில்: ஹார்னெஸில். நாய்களுக்கான கார் ஹார்னெஸ் விபத்தில் தாங்குமா என்பதற்கு அமெரிக்க அரசின் தரநிலை எதுவும் இல்லை. அதனால் அட்டைப்பெட்டியில் ‘சோதிக்கப்பட்டது’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பொம்மை நாய்களை வைத்து மோதல் சோதனை நடத்திச் சான்று தருகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் நாயின் அளவுக்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுத்துப்பட்டியில் மாட்டி சீட் பெல்ட் பூட்டில் செருகும் மலிவு வாரை மட்டும் தொடவே வேண்டாம். சட்டென்று பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் கழுத்தில்தான் விழும்.

டென்டில் ‘2 பேருக்கு’ என்று எழுதியிருந்தால், இரண்டு பாய் ஒட்டி விரிக்க இடம் என்று அர்த்தம். லாப்ரடாரோடு போகிறவர்கள் 4 பேர் டென்ட் எடுங்கள். நகம் பட்டுத் தரை கிழியாமல் உள்ளே ஒரு பழைய ஜமுக்காளம் போதும், அதற்கென்று விற்கும் விரிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். கேம்பிங் பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் முதலில் வாடகைக்கு எடுப்பது நல்லது. நீள்கிற லீஷ் வீண் செலவு. இந்தப் பூங்காக்களில் 6 அடிக்கு மேல் கயிறு விடக்கூடாது.

கேள்வி: வீட்டில் விறகு கிடக்கிறது. கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டு விறகோடு பயணம் செய்கிறது. அதனால் ஸ்மோக்கிக்கும் பார்க்வேக்கும் வெளியிலிருந்து கொண்டுவரும் விறகு, வெப்பத்தில் பதப்படுத்தியதாக முத்திரை உள்ள கட்டாக இருக்க வேண்டும். கேம்ப்கிரவுண்டுக்குப் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும், முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். இரவில் உங்கள் சாப்பாட்டோடு நாயின் சாப்பாட்டையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். அங்கே கரடி உண்டு.