சான்டா கிளாராவா, பிரேசோஸா? கரூர் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சார். வாட்ஸாப்பில் நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பிக்கு எம்.எஸ். அட்மிஷன் வந்திருக்கும் இரண்டு ஊர்களின் கவுண்டிக் கணக்கையும் பிரின்ட் எடுத்து, கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் குடும்ப வருமானத்துக்கு மஞ்சள் அடித்து, டெக்சஸின் பிரேசோஸில் வறுமை சதவீதத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் டாலரை ரூபாயாக்கி, பன்னிரண்டால் வகுத்து, ஈ.எம்.ஐ.யையும் கழித்து வைத்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சித்தப்பா பையன் சொன்னதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நீங்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பீரோவின் அட்டவணை வரைக்கும் போயிருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு. ஆனால் மஞ்சளும் சரி, சிவப்பும் சரி, விழக்கூடாத இடத்தில் விழுந்திருக்கின்றன.

முதலில் மஞ்சள். கவுண்டி என்பதை நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கலெக்டர் மட்டும் கிடையாது. அமெரிக்கா முழுக்க மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சென்சஸ் பீரோ ஒரே அச்சில் ஓர் அட்டவணை போடுகிறது, அதன் பெயர் டி.பி.03. எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எந்தத் துறையில், வேலைக்குப் போக எத்தனை நிமிடம், வருமானம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, வறுமையில் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் வரும். நீங்கள் எடுத்தது அதைத்தான். அதில் சான்டா கிளாராவுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் என்று ஓர் எண் இருக்கிறதே, அது ஓர் ஆளின் சம்பளம் இல்லை சார். ஒரு வீட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரின் வருமானத்தையும் கூட்டி, எல்லா வீடுகளையும் வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் நிற்கும் வீட்டின் வருமானத்தை எடுத்தது. பள்ளிக்கூடக் கணக்கில் இடைநிலை அளவு என்று படித்தோமே, அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கில் 'வீடு' என்றால் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்தக் கவுண்டியின் பெரிய ஊரான சான் ஹோசேயில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் நம்ம பையன்கள் நாலு பேர், ஒருத்தன் ஹாலில் காற்று மெத்தை போட்டுப் படுக்கிறான், குக்கர் ஒன்று, ரசப்பொடி மட்டும் ஆளுக்கொரு டப்பா என்று இருக்கிறார்களே, அதுவும் ஒரு வீடுதான். நாலு பேரும் வேலைக்குப் போய் ஆளுக்கு 45,000 டாலர் வாங்கினாலே அந்த வீட்டின் வருமானம் 1,80,000 டாலர் என்று பதிவாகிவிடும். அதே ஊரில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் பதினைந்து வருடம் சிப் கம்பெனியில் இருந்து சம்பாதிக்கும் வீடும் அதே பட்டியலில்தான். அட்டவணையின் கடைசித் தட்டு '2,00,000 டாலரும் அதற்கு மேலும்' என்று முடிகிறது, சான்டா கிளாராவில் நாலு வீட்டுக்கு ஒன்றுக்கும் மேல் அந்தத் தட்டில் இருக்கிறது. ஆப்பிள் இருக்கும் கூபர்டினோ, கூகுள் இருக்கும் மவுன்டன் வியூ, இன்டெலும் என்விடியாவும் இருக்கும் சான்டா கிளாரா நகரம் எல்லாம் ஒரே கவுண்டிக்குள் இருந்தால் அப்படித்தான் இருக்கும். அவர்கள் எல்லாம் ஏற்கனவே ஏணியில் ஏறி நிற்பவர்கள். தம்பி இப்போதுதான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்.

அந்த ஏணியின் அடிப்படிக்கு என்ன விலை என்று டி.பி.03 சொல்லாது, பக்கத்து அட்டவணை டி.பி.04 சொல்லும், அது வீட்டுக் கணக்கு. அங்கே வாடகையின் நடு எண் மாதம் 2,700 டாலர் அளவில் நிற்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள்: அமெரிக்க வீட்டு வசதித் துறை 2024-ல் போட்ட வரம்புப்படி, இந்தக் கவுண்டியில் தனியாளாக ஒரு லட்சம் டாலர் சம்பாதிப்பவரும் 'குறைந்த வருமானம்' என்ற வகைக்குள்தான் வந்தார். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தொகை என்று கேட்பீர்கள், ஆமாம், ஆனால் அந்த ஊரில் அந்தப் பணத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இப்போது சிவப்பு. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இதற்காகத்தான் நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். பிரேசோஸ் கவுண்டியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள், அந்த ஊரில் பையன் பத்திரமாக இருப்பானா, வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே 2,33,849. அங்கே காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் மட்டும் எழுபதாயிரம் அளவுக்கு மாணவர்கள். கவுண்டியில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மாணவர் கூட்டம். இவர்கள் சம்பாதிக்க வந்தவர்கள் இல்லை, படிக்க வந்தவர்கள்.

வறுமைக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் வெளியே அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கும் மாணவர்களை எடுக்கிறார்கள். வருமானத்துக்கு மட்டும் நாலு பேரையும் கூட்டி ஒரு வீடு என்று சொன்ன அதே ஆட்கள், வறுமைக்கு வரும்போது சொந்தமில்லாத அறைத்தோழர்களை ஒவ்வொருவராகத் தனியாக நிறுத்துகிறார்கள். தனியாளுக்கு எல்லைக்கோடு ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நாட்களில் வேலை பார்க்கலாம், மணிக்கு 12 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால்கூட வருடம் முழுக்க உழைத்து 12,000 சொச்சம்தான். வங்கியில் வாங்கிய கல்விக்கடன் வருமானத்தில் சேராது. ஆகவே, நீங்கள் கரூரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனில், நல்ல அபார்ட்மென்ட்டில், வாரம் ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு தம்பி அங்கே படித்தால், சென்சஸ்காரர் கணக்கில் அவனும் ஓர் ஏழை. நீங்கள் சிவப்பில் சுழித்தது உங்கள் பையனைத்தான்.

எல்லாமே மாணவர்தான், அங்கே நிஜமான ஏழைகளே இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே பிரயன் என்ற பழைய ஊர் இருக்கிறது, அங்கே கஷ்டப்படும் குடும்பங்கள் நிறைய. ஆனால் பல்கலைக்கழக ஊர்களின் வறுமை எண்ணைப் பார்த்துப் பயப்படுவது, பரீட்சை நேரத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸை எட்டிப் பார்த்துவிட்டு ஊரே பஞ்சத்தில் இருக்கிறது என்று சொல்வது போல. கார்னெல் இருக்கும் டாம்ப்கின்ஸ் கவுண்டி, இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பெய்ன் கவுண்டி எல்லாவற்றிலும் இதே மாணவர் கணக்கு கலந்துதான் இருக்கிறது.

அப்படியானால் அந்த அட்டவணையில் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். வருமானப் பகுதியின் கடைசியில், யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத மூன்று எண்கள் இருக்கும்: வேலை பார்ப்பவர்களின் தனிநபர் ஈட்டல், வருடம் முழுக்க முழுநேரம் வேலை பார்க்கும் ஆண்களின் ஈட்டல், பெண்களின் ஈட்டல். வீட்டு வருமானத்தைவிட இவை உங்களுக்கு நெருக்கமானவை. அதற்கு மேலே துறை வாரியான பகுதி. சான்டா கிளாராவில் 'உற்பத்தி' என்ற துறையில் இவ்வளவு பேரா, சாஃப்ட்வேர் ஊர் என்றல்லவா சொன்னார்கள் என்று நீங்கள் கேள்விக்குறி போட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி. அங்கே ஆளின் வேலையை வைத்துத் துறை பிரிப்பதில்லை, முதலாளியின் தொழிலை வைத்துப் பிரிக்கிறார்கள். சிப் கம்பெனியில் கோட் எழுதுபவரும், அங்கே கணக்குப் பிள்ளையாக இருப்பவரும் 'உற்பத்தி'தான். நம்ம ஊர் டெக்ஸ்டைல் கம்பெனியில் டேலி போடும் பையனை நெசவாளர் கணக்கில் சேர்த்த மாதிரி. என்ன வேலை என்பதற்குத் தனியாக இன்னொரு பகுதி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரேசோஸில் கல்வியும் மருத்துவமும் சேர்ந்த துறைதான் முதலில் நிற்கும், காரணம் அந்தப் பல்கலைக்கழகமேதான். அதனால் படித்து முடித்ததும் அதே ஊரில் வேலை என்று கனவு காண வேண்டாம், அதுவும் உண்மை.

அங்கேதான் விஷயமே இருக்கிறது சார். படிக்கிற கவுண்டி வேறு, வேலை பார்க்கப் போகிற கவுண்டி வேறு. காலேஜ் ஸ்டேஷனில் படித்தவர்கள் ஹூஸ்டனுக்கும் டாலஸுக்கும் ஆஸ்டினுக்கும் போகிறார்கள், கலிபோர்னியாவுக்கே போகிறவர்களும் உண்டு. இன்னொரு சிக்கல், டி.பி.03 என்பது அங்கே குடியிருப்பவர்களின் கணக்கு, அங்கே வேலை பார்ப்பவர்களின் கணக்கு இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் டிரேசி பக்கம் வீடு எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி மலையைத் தாண்டி சான் ஹோசேக்கு வேலைக்கு வருபவர், சான் வாகீன் கவுண்டியின் கணக்கில்தான் இருப்பார்.

அதனால் சம்பளம் பார்க்கக் கவுண்டிக் கணக்கைக் கீழே வையுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, பி.எல்.எஸ். என்பார்கள், வருடாவருடம் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும் சம்பளம் போடுகிறது. நடு எண் மட்டும் இல்லை, கீழிருந்து நூற்றுக்குப் பத்தாவது ஆள், இருபத்தைந்தாவது ஆள் எவ்வளவு வாங்குகிறார் என்றும் இருக்கும். தம்பியின் இடம் அந்தப் பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கும் இந்தப் பகுதிவாரிச் சம்பளம் தேவைப்படும், ஒரே வேலைக்கு சான் ஹோசேயில் கம்பெனி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் வேறு, டெக்சஸ் சிற்றூரில் வேறு, அதிலும் அனுபவத்தைப் பொறுத்து நாலு படி. அந்த விசாவே வருடத்துக்கு 65,000 பேருக்கு, அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களில் இன்னும் 20,000 பேருக்கு என்றுதான், விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு முன்னால் ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம், ஸ்டெம் என்கிற அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. உங்கள் ஈ.எம்.ஐ. கணக்கில் இந்த 90 நாள் எங்கேயும் வரவில்லை.

கடனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட மாட்டேன். 45 லட்சம், 11 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 62,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் அசலில் சேர விட்டால் இன்னும் ஏறும். போன வருடத்துக்கு முந்தைய வருடம் என்னிடம் வந்த ஒரு பையன், நல்ல பையன், 'அந்த ஊர்ல எல்லாருக்கும் இவ்ளோ சம்பளம் சார்' என்று இதே மாதிரி ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனான். முதல் வேலை கிடைக்க ஏழு மாதம் ஆகிவிட்டது என்று நடுவில் எழுதினான், அதற்குள் அப்பா கடையின் ஸ்டாக்கைக் குறைத்து வட்டி கட்டிக்கொண்டிருந்தார். அப்போது வட்டியைக் கேட்டு நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

என் கருத்தைக் கேட்டால், சொந்த வீட்டை அடமானம் வைத்துப் போகிறவருக்கு நான் பிரேசோஸ் பக்கம்தான் சாய்வேன். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, காலேஜ் ஸ்டேஷனில் வாடகை சான் ஹோசேயோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அப்புறம் ஒரு விதி: போட்டியில் ஜெயித்து வருடத்துக்குக் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை வாங்கிவிட்டால், அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளியூர் மாணவருக்கும் டெக்சஸ்காரருக்கான கட்டணத்தில் படிக்க வழி இருக்கிறது. இதைத் துறைக்கு மெயில் போட்டுத் தம்பியையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்க வேண்டாம், அங்கே அப்பா மெயில் போட்டால் பதில் வராது. சான் ஹோசேக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கம்பெனிகள் பஸ் தூரத்தில் இருக்கின்றன, இன்டர்ன்ஷிப்புக்கு அது நிஜமாகவே உதவும். தம்பி கூச்சப்படாமல் நாலு பேரிடம் போய்ப் பேசுகிற ரகம் என்றால் அது பெரிய பலம், அறைக்குள்ளேயே இருக்கிற ரகம் என்றால் ஆப்பிள் எதிர் வீட்டில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. எந்த ரகம் என்று உங்களைவிட அம்மாவுக்குத் தெரியும், அவர்களிடம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பியை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். இரண்டு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பை முடித்த சீனியர்கள் பத்துப் பத்துப் பேரை லிங்க்ட்இன்னில் பிடித்து, இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள், முதல் வேலைக்கு எத்தனை மாதம் ஆனது என்று மட்டும் கேட்கட்டும். சம்பளம் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டார்கள். இருபது பேரில் எட்டு பேராவது பதில் போடுவார்கள். அந்த ஊர்ப் பெயர்களை எனக்கு அனுப்பினால், அந்தந்தப் பகுதியின் பி.எல்.எஸ். எண்ணை நான் எடுத்து வைக்கிறேன், திங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் கூப்பிடுங்கள். வங்கிக்காரர் கொடுத்த அந்த வட்டிக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.