வாய் திறக்காத மகன்

வணக்கம். நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். தினமும் ஒரு பாடவேளை அவனைத் தனியே இ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்புக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கேயும் வாய் திறப்பதில்லையாம். ஊரில் முதல் மாணவனாக இருந்தவனுக்கு இது அவமானமாக இருக்காதா? எழுதிக் கொடுத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டிலும் இனி ஆங்கிலமே பேசிவிடலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெய்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

புது மொழிக்கு நடுவே வந்து விழும் பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்கள் பேசுவதில்லை. ஆசிரியர்கள் இதை 'மௌன காலம்' என்பார்கள். வாய்தான் மூடியிருக்கும், காது ஓயாது. ஆசிரியை சொன்னதும் சரியான பக்கத்தைத் திருப்புகிறானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பேச்சு தானாக வந்துவிடும். என் கவலையெல்லாம் அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது. நான் தன்னார்வலராக உதவிய வகுப்பில் ஹோண்டுராஸிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். கணக்குத் தாளில் 'டேபிளை நிரப்புக' என்றிருந்தது. அவள் கட்டங்களுக்குக் கீழே நான்கு கால்கள் வரைந்து, மேலே தட்டும் குவளையும் வைத்திருந்தாள். அட்டவணைக்கும் அதே சொல் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை அவள் மனத்திலேயே போட்டுவிடுவாள்!

கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பேச்சு மொழியையும் பாட மொழியையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். முதலாவது ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகலாம். இ.எஸ்.எல். வகுப்பு இருப்பது அந்த நீண்ட தொலைவுக்காகத்தான்.

அந்த வகுப்பு சும்மா கிடைத்ததும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 1,800 சீன வம்சாவளி மாணவர்கள் எந்த மொழி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புரியாத பிள்ளைக்கு எல்லோருக்கும் தரும் அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் தந்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்று 1974இல் தீர்ப்பு வந்தது. உங்கள் மகன் உட்காருவது அவர்கள் வாங்கித் தந்த நாற்காலியில். இதில் அவமானம் எங்கே வந்தது?

வீட்டில் தமிழே பேசுங்கள். நிறையப் பேசுங்கள், கதை படித்துக் காட்டுங்கள். ஒளிச்சேர்க்கை தமிழில் விளங்கிவிட்ட பிள்ளை, ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது அதற்கான சொற்களை மட்டுமே. நீங்கள் தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தைவிட சரளமான உங்கள் தமிழில் அவனுக்குக் கிடைப்பது அதிகம்.

ஒன்றை மட்டும் பள்ளியில் கேளுங்கள்: எந்தப் பாடவேளையில் அவனை அழைத்துப் போகிறார்கள்? கணக்கு நேரத்தில் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலம் அதிகம் இல்லாமலே அவன் கை உயர்த்தக்கூடிய பாடம் அது. பேசச் சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.