ஓடாமல் நிற்கும் பழைய டீசல் கொரோலாவை வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் சிஇ100 டீசல் கொரோலா ஒன்று மூன்று வருடமாக நிற்கிறது. ஸ்டார்ட் ஆகாது. "பம்ப் மட்டும்தான் பிழை, செய்தால் ஓடும்" என்கிறார், என்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்பைத்தான் சொல்கிறார். ஓடுகிற காரின் பாதி விலைக்குத் தருகிறாராம். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இப்போது தெரிந்ததை மட்டும் வைத்து முற்பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஒன்றை விசாரியுங்கள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்களா, அல்லது ஓட்டத்தில் நின்று இழுத்துக்கொண்டு வந்தார்களா? இது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆள் வெளிநாடு போய்விட்டார், வயதாகிவிட்டது, காரின் வருடாந்த வருமான லைசன்ஸ் புதுப்பிக்கக் காசில்லை என்று நல்ல நிலையில் நிறுத்திய காருக்கு மூன்று வருடத்தில் வருகிற பழுதுகள் ஏறக்குறைய தெரிந்தவை. பற்றரி செத்திருக்கும், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், ரயர் வெடித்திருக்கும், டாங்கியில் தண்ணீரும் கறளும் சேர்ந்திருக்கும். என்ஜினின் உள்பக்கம் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஓட்டத்தில் நின்ற கார் அப்படியல்ல. ரைமிங் பெல்ற் அறுந்திருக்கலாம், சூடேறி ஹெட் வெடித்திருக்கலாம், பெயாரிங் போயிருக்கலாம். இந்த மூன்றில் எதற்கும் "பம்ப் பிழை" என்று சொல்லி விற்கலாம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதை விற்பவரிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கடைசியாக எந்தக் கராஜில் பார்த்தார்கள் என்று கேட்டு, அங்கே நீங்கள் தனியாகப் போங்கள். களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனைப் பக்கம் ஒரு பழைய காரை யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பாஸ்மாருக்கு, அதாவது மெக்கானிக்மாருக்கு, தாங்கள் கைவைத்த வாகனம் மறக்காது. எதற்காக வந்தது, எவ்வளவு செலவு சொன்னேன், ஏன் செய்யாமல் கொண்டுபோனார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த மூன்றாவது விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தை ஒட்டித்தான் நின்றது என்றால் டாங்கியில் என்ன ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் கலந்து ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்த வகை ரோட்டரி இன்ஜெக்டர் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, உள்ளே போகிற டீசல்தான் அதற்கு வழுக்கல். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு. அப்படி ஓடியிருந்தால் பம்ப் தேய்ந்தது உண்மையாக இருக்கலாம், அப்போது சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் சேர்த்துச் செலவில் போடுங்கள்.

அப்புறம் பொடி, அதாவது காரின் தகட்டு உடல். நம்முடைய கரையில் நான் என்ஜினைவிட இதற்குத்தான் பயப்படுவேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறோம். உப்புக் காற்றில் மூன்று மாரி நனைந்த தகடு எப்படி இருக்கும் என்று வெளிப் பெயின்ற் சொல்லாது. என்ஜினை மாற்றலாம். தரையும் சேசியும் உக்கிய காரை டிங்கரிங் செய்து முடிக்க முடியாது, ஒரு இடத்தை ஒட்டினால் பக்கத்தில் தட்டும்போது இன்னொரு ஓட்டை வரும்.

ஒரு காந்தமும் ஸ்குரூட்றைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே உள்ள நீள விளிம்பில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடிப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைக் குத்திப் பாருங்கள். பொனெட்டைத் திறந்து முன் ஷொக் அப்சோபரின் மேல்முனை வந்து பூட்டுகிற இடத்தைப் பாருங்கள். அது உக்கியிருந்தால் இரக்கமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

வெள்ளம் ஏறிய காரா என்றும் பார்க்க வேண்டும். சீற் பெல்ற்றை முழுவதும் வெளியே இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். சீற் தண்டவாளத்தின் அடியிலும் வண்டல் இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. வெள்ளத்தில் நின்றதென்றால் யாரும் சாவியைத் திருப்பவே விடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் அடித்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தள்ளும் கொன்றோட் வளைந்துவிடும். அதுவரை பிழைத்திருந்த என்ஜினும் அந்த ஒரு திருப்பலில் போய்விடும்.

பொடி சரியென்றால் மட்டும் என்ஜினுக்கு வாருங்கள். டீசலுக்குப் பிளக்கில் பொறி தேவையில்லை. காற்றை இறுக்கி அமுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இந்தக் காரில் உள்ள 2சி என்ற டீசல் என்ஜினில் காற்று இருபது மடங்குக்கும் மேல் அமுங்குகிறது. ஆகவே அமுக்கம், டீசல், வேகமான சுழற்சி மூன்றும் இருந்தால் அது பிடிக்க வேண்டும். நம்முடைய வெயிலுக்கு, ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் புகைத்துப் புகைத்தாவது பிடிக்கும்.

முதலில் டிப்ஸ்டிக். ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேற்றர் மூடியின் உட்புறத்தில் ஒயில் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்த என்ஜின்கள் சூடேறினால் ஹெட் வெடிப்பது பழைய கதை. அடுத்து, பற்றரி போடாமல் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீளக் கைபிடி போட்ட சொக்கட்டைக் கொடுத்து, கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாக இரண்டு முழுச்சுற்று. கனமாக, விட்டுவிட்டு எதிர்த்துச் சுற்றினால் நல்லது. அசையவே இல்லை என்றால் பிஸ்டன் ரிங்குகள் கறளேறிப் பிடித்திருக்கலாம். கொஞ்சம் போய்க் "டக்" என்று இரும்பில் முட்டி நின்றால் நிறுத்துங்கள். வால்வ் பிஸ்டனில் இடிக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர். கனமே இல்லாமல் லேசாகச் சுற்றினாலும் சந்தோஷப்படாதீர்கள், அமுக்கம் போன என்ஜின் அப்படித்தான் சுற்றும். ரைமிங் பெல்ற் இருக்கிறதா என்று மூடியை விலக்கிக் கண்ணாலேயே பாருங்கள். கெம் ஷாஃப்டையும் பம்பையும் சுற்றுவது அதுதான். இருந்தாலும் பழைய பெல்ற்றை நம்பி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கையால் நன்றாகச் சுற்றுகிறதென்றால் கொம்ப்ரஷன், அதாவது அமுக்கம், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் காருக்கு வைத்திருக்கும் மீட்டர் இதற்குக் காணாது, டீசல் மீட்டர் உள்ள கராஜ் ஆளைத்தான் கூட்டிப்போக வேண்டும். நான்கு சிலிண்டரும் 400 பிஎஸ்ஐக்கு மேல், ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட இருந்தால் அந்த என்ஜினுக்குக் காசு கொடுக்கலாம். 300க்குக் கீழே இறங்கியிருந்தால் கழற்றிச் செய்யவேண்டிய என்ஜின் என்று வைத்தே பேரம் பேசுங்கள்.

இப்போது "பம்ப் மட்டும்தான்" என்ற கதைக்கு வருவோம். இது உண்மையா என்று பார்க்கப் பம்பைக் கழற்றத் தேவையில்லை. சாவியை ஓனில் வைத்ததும் பம்பில் டீசலைத் திறந்துவிடும் சின்ன சொலனொயிட் (கரண்டில் இயங்கும் வால்வ்) "டிக்" என்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் அதற்கு வரும் வயரை எலி கடித்திருக்கலாம், வளவில் நிற்கிற காரில் இது சாதாரணம். அப்படியானால் பம்ப் நல்லதாகவே இருக்கலாம். சத்தம் வந்தால், டாங்கியை விட்டுவிட்டு ஒரு போத்தல் சுத்தமான டீசலிலிருந்து நேராக லைன் கொடுத்து, ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கி, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, நல்ல பற்றரியில் சுற்றிப் பார்க்கலாம். துளித்துளியாக டீசல் துப்பினால் பம்ப் தள்ளுகிறது, பிழை வேறெங்கோ இருக்கிறது. காய்ந்துபோய் எதுவுமே வராவிட்டால் விற்பவர் சொன்னது சரியாக இருக்கலாம்.

அந்த நேரம் யாராவது ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும். நீண்டகாலம் நின்ற பம்ப் உள்ளே இறுகியிருந்து, பிடித்ததும் என்ஜின் கட்டுப்பாடில்லாமல் உறுமி ஏறவும் கூடும். காற்று போகும் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் இவ்வளவும் வீண். பதிவுப் புத்தகம் விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா, கம்பனி லீசிங் எதுவும் பதிவாகியிருக்கிறதா, சேசி நம்பரும் என்ஜின் நம்பரும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கை மாறிக் கை மாறி வந்த ஓப்பன் பேப்பர் காரை நான் தொடமாட்டேன். வருமான லைசன்ஸ் எந்த வருடத்தோடு நின்றது என்று பார்த்து, நிலுவை எவ்வளவு வருமென்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மறுபடி லைசன்ஸ் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும், தேய்ந்த டீசலுக்குப் புகைப் பரிசோதனை லேசில்லை.

விலைக்கு என் கணக்கு இது. அதே மாதிரி ஓடுகிற கார் நம் பக்கம் என்ன விலைக்குப் போகிறதோ அதை எழுதுங்கள். அதிலிருந்து, பாவித்த பாட்ஸ் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த என்ஜின் பம்போடு வாங்கி ஏற்றி இறக்கிப் பூட்டுகிற செலவு, நான்கு ரயர், பற்றரி, பிரேக் வேலை, டாங்கி சுத்தம், லைசன்ஸ் நிலுவை எல்லாவற்றையும் கழியுங்கள். வருவதில் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், எழுதாத செலவு ஒன்று எப்படியும் வரும். பம்ப் மட்டும்தான் பிழை என்று பின்னர் தெரிந்தால் அது உங்களுக்கு லாபம், ஆனால் அந்த லாபத்துக்கு முன்கூட்டியே காசு கொடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் ஏறிய விலையை மனதில் வைத்துத்தான் பலர் இன்னும் ஓடாத காருக்கும் விலை சொல்கிறார்கள். இந்தக் கணக்குப்படி உங்களுக்குச் சொன்ன பாதி விலை எனக்குக் கூடுதலாகவே படுகிறது.

தினமும் வேலைக்குப் போக இதுதான் வாகனம் என்றால், கடன்பட்டாவது ஓடுகிற ஒன்றைப் பாருங்கள். பாட்ஸ் தேடிக் கராஜில் நிற்கும் மாதங்களுக்கும் பஸ் காசு கொடுக்க வேண்டிவரும். வீட்டில் வேறு வாகனம் இருக்கிறது, தெரிந்த பாஸ் இருக்கிறார், பொடியும் பத்திரமும் சுத்தம் என்றால் தாராளமாக இறங்கலாம். வாங்கினால் கார்த்திகை மழைக்கு முன் லொறியில் ஏற்றிக் கூரைக்குக் கீழ் கொண்டுவந்துவிடுங்கள். மழைக்குப் பிறகுதான் எடுக்க முடியுமென்றால் காசையும் மழைக்குப் பிறகே, எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டுக் கொடுங்கள்.