எதை எடுப்பது, எதை இப்போதைக்கு விடுவது? விசுவாச வளர்ச்சி குறித்த கேள்வி பதில்

"வளர வேண்டும், ஆனால் எதைப் படிப்பது என்று தெரியவில்லை" என்ற ஏக்கத்தோடு வந்த கேள்விகள் இவை. வேதபாடக் குழுக்களில் பலரோடு உட்கார்ந்து படித்துவருகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜெபம், பொறுமை, பண விஷயத்தில் உண்மை, தீர்க்கதரிசனப் புத்தகங்கள், சாட்சி சொல்வது என்று பெரிய பட்டியலே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே அவசியமாகத் தெரிகிறது. முதலில் எதை எடுக்க?

பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். ஆனால் அதில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கர்த்தர் ஏற்கெனவே உங்களோடு பேசி, நீங்கள் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் காரியம் எது? கேட்ட பிரசங்கம், வாசித்த பகுதி, வீட்டில் ஒருவர் மனம் நொந்து சொன்ன வார்த்தை எல்லாம் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீழ்ப்படிதல் எங்கே நிலுவையில் இருக்கிறதோ, அங்கே ஆரம்பியுங்கள்.

எஸ்றா 7:10-ஐப் பாருங்கள். அவர் வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், பிறகு உபதேசிக்கவும் தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தார். ஆராய்வதற்கும் உபதேசிப்பதற்கும் நடுவில் "செய்வது" நிற்கிறது. அந்த நடுப்படியைத் தாண்டிக் குதிக்க வைக்கும் தலைப்பு எதுவானாலும் இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று. உங்களைப் பற்றி ஒரு தலைப்பு எடுத்தால், அதனோடு தேவனைப் பற்றியும் ஒன்று எடுங்கள். பொறுமை உங்கள் தலைப்பா? அப்படியானால் தேவனுடைய நீடிய சாந்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். யாத்திராகமம் 34:6-ல் அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன வார்த்தைகள் எண்ணாகமம் 14:18, சங்கீதம் 103:8, யோவேல் 2:13, யோனா 4:2 என்று திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. தன் குறையை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் சீக்கிரம் சோர்ந்துபோவார். இந்த இரண்டு தலைப்புக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கோபம்தான் பிரச்சினை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "கோபம்" என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வசனங்கள் வருகின்றன. ஒரு தலைப்பை எப்படிப் படிப்பது என்று செய்து காட்டுங்கள்.

நல்ல கேள்வி, தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வசனங்களைத் திரட்டுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகச் சம்பவங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஆதியாகமம் 4-ல் காயீனுக்கு எரிச்சல் வந்தவுடன் கர்த்தர் தண்டிக்கவில்லை, கேள்வி கேட்கிறார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" கொலைக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி அது. காயீன் பதில் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை. அடுத்து யோனா 4-க்குப் போங்கள். அங்கேயும் கர்த்தர் கேள்விதான் கேட்கிறார், அதுவும் இரண்டு முறை. யோனா வாய் திறந்து, தான் கோபப்படுவது நியாயம்தான் என்று வாதாடுகிறான். இந்த இரண்டு பேரில் இன்று நீங்கள் யார்? வாயே திறக்காதவரா, வாதாடுகிறவரா? அதை நோட்டில் எழுதுங்கள்.

பிறகு 1 சாமுவேல் 24, 25, 26 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். 24-லும் 26-லும் தன்னைக் கொல்லத் தேடும் சவுல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவனைத் தொடவில்லை. நடுவில், 25-ல், நாபால் என்கிற ஒருவன் அவமானமாகப் பேசிவிட்டான் என்பதற்காக ஏறக்குறைய நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பெரிய சோதனையில் ஜெயித்தவர் சின்ன அவமானத்தில் தடுமாறுகிறார். நாபாலின் மனைவி அபிகாயில் குறுக்கே வந்திருக்காவிட்டால் இரத்தம் சிந்தியிருப்பார். உங்களுக்கும் அப்படித்தானா? அலுவலகத்தில் எவ்வளவோ சகித்துக்கொண்டு, வீட்டில் ஒரு சொல்லுக்குப் பொங்குகிறீர்களா? வசனங்களை மட்டும் அடுக்கிப் பார்த்தால் இந்தக் கேள்வி எழும்பவே எழும்பாது.

மாற்கு 3:5-ஐயும் விட்டுவிடாதீர்கள். அங்கே இயேசு கோபத்தோடு பார்க்கிறார், ஆனால் அவர்களுடைய இருதய கடினத்துக்காக விசனப்படுகிறார். கோபமும் துக்கமும் அவரிடத்தில் சேர்ந்தே இருந்தன. உங்கள் கோபத்தில் எதிராளிக்காக ஏதாவது துக்கம் இருக்கிறதா?

இவ்வளவும் பார்த்த பிறகு போதனை வசனங்களுக்கு வாருங்கள்: யாக்கோபு 1:19-20, எபேசியர் 4:26, நீதிமொழிகள் 15:1. ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் உள்ள பத்தியை வாசியுங்கள். எபேசியரில் பவுல் சங்கீதம் 4:4-ஐ எடுத்தாளுகிறார். அந்தச் சங்கீதமோ, படுக்கையிலே இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருக்கச் சொல்கிறது. ஆக, இன்று இரவே செய்யக்கூடிய ஒரு காரியம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வசனத்தை மனப்பாடம் செய்து, யாரிடம் அதிகம் கோபப்படுகிறீர்களோ அவரிடமே சொல்லுங்கள்: "நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், மாற்றம் தெரிகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்." படிப்பிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

கேள்வி: ஒரே தலைப்பில் உட்கார்ந்தால் முழு வேதாகமத்தையும் வாசிப்பது நின்றுவிடாதா?

நிற்கக் கூடாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-ல் தம் சபையாருக்காக ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம். எல்லாருக்கும் அந்த வேகம் ஒத்துவராது, இரண்டு வருடமாக நீட்டிக்கொண்டாலும் நஷ்டமில்லை. அகலமாக வாசிப்பது ஒரு பக்கம், ஆழமாகத் தோண்டுவது ஒரு பக்கம். முழு வேதத்தையும் வாசிக்காதவர் தலைப்பைப் படிக்கும்போது, தனக்கு வசதியான வசனங்களை மட்டுமே பொறுக்குவார். யோபுவின் சிநேகிதர்கள் பேசியதைக்கூட தேவ வாக்காக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே யோபு 42:7-ல் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, கைக்குழந்தை இருக்கிறது. ஒரு நாளில் பத்து நிமிஷம் கிடைத்தாலே பெரிது. எனக்கெல்லாம் இது முடியுமா?

முடியும், தங்கச்சி. உனக்குத் தலைப்புப் படிப்பு வேண்டாம். ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துக்கொள். பிலிப்பியர் நான்கே அதிகாரம், 104 வசனம். ஒரு நாளுக்கு ஒரு பத்தி. அதையே குழந்தையைத் தூங்க வைக்கும்போது சத்தமாகச் சொல். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு பங்கு படித்து ஈடுகட்டாதே, விட்ட இடத்தில் தொடர். இரவெல்லாம் விழித்து ஒரு பிள்ளையைச் சுமப்பதும் கர்த்தருக்கு முன்பாகக் கணக்கில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு உபதேசங்களைப் படிக்கத்தான் விருப்பம். திரித்துவம், கிறிஸ்துவின் இரு தன்மைகள், நிசேயா விசுவாசப் பிரமாணம். "இதெல்லாம் தலை அறிவு, வாழ்க்கைக்கு உதவாது" என்கிறார்கள். உண்மையா?

இல்லவே இல்லை. கி.பி. 325-ல் நிசேயா நகரத்தில் கூடிய சபைத் தலைவர்கள், குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா என்று விவாதித்தபோது, அது ஆராதனையைப் பற்றிய விவாதமும்தான். அவர் படைப்பு என்றால், நாம் அவரைத் தொழுவது விக்கிரக ஆராதனை ஆகிவிடும். இதைவிட வாழ்க்கையைத் தொடுகிற கேள்வி எது? தாராளமாகப் படியுங்கள்.

ஒரே ஒரு சோதனை மட்டும் வையுங்கள். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்கிறது 1 கொரிந்தியர் 8:1. படித்த அன்று அதிகமாக ஜெபிக்கத் தோன்றியதா, அதிகமாக வாக்குவாதம் பண்ணத் தோன்றியதா? இரண்டாவது என்றால் உபதேசத்தை விட்டுவிடாதீர்கள், படிக்கும் விதத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு ஜெபமாக எழுதி முடியுங்கள்.

கேள்வி: நான் இப்போதுதான் விசுவாசத்துக்குள் வந்திருக்கிறேன். எனக்கு என்ன தலைப்பு?

இயேசு. மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம். வேறு தலைப்பு இப்போது வேண்டாம்.

கேள்வி: பெயர் சொல்ல விரும்பவில்லை. ஒரு மறைவான பாவத்தில் விழுந்து விழுந்து எழுகிறேன். அதைப் பற்றியே மாதக்கணக்கில் படித்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை.

சகோதரனே, நீங்கள் எழுதிக் கேட்டதே பெரிய காரியம். அந்தப் பாவத்தைப் பற்றிப் படிப்பதை இப்போது நிறுத்துங்கள். அதைப் பற்றியே படிப்பதும், ஒரு விதத்தில், அதையே நினைத்துக்கொண்டிருப்பதுதான். ரோமர் 8-ஐ எடுங்கள், முதல் வசனம் ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று தொடங்குகிறது, கடைசி வசனம் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு எதுவும் பிரிக்காது என்று முடிகிறது. நடுவில் 13-ஆம் வசனம், சரீரத்தின் செய்கைகளை ஆவியினாலே அழிக்கச் சொல்கிறது. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

ஆனால் புத்தகம் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நம்பத்தகுந்த, வாயை அடக்கத் தெரிந்த ஒருவரிடம், உங்கள் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ, இந்த வாரமே பேசுங்கள். கையை மீறிய பழக்கமாக இருந்தால் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்ப்பதும் விசுவாசக் குறைவு அல்ல.

கேள்வி: ஒரு பகுதியில் எவ்வளவு காலம் இருப்பது?

மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பு வந்துவிட்டது என்பதற்காக மாறாதீர்கள், சலிப்புக்கு அப்பால்தான் பல நேரம் வெளிச்சம் கிடைக்கிறது. கூட இருப்பவர்கள் மாற்றத்தைக் கவனித்துச் சொன்னாலோ, கர்த்தர் வேறொரு காரியத்தில் தெளிவாக உணர்த்தினாலோ மாறலாம்.

கேள்வி: ஆறு மாதமாக வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது. ஒன்றும் பேசவில்லை. வளர்ச்சி என்ற வார்த்தையே கசக்கிறது.

அப்படியானால் இது வளர்ச்சித் திட்டம் போடும் காலம் அல்ல. சங்கீதம் 13-ஐ மட்டும் ஜெபியுங்கள், ஆறே வசனம். அதுவும் முடியாவிட்டால் சங்கீதம் 88. அது இருளில்தான் முடிகிறது, அதையும் பரிசுத்த ஆவியானவர் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். சபைக்குப் போவதை விடாதீர்கள், உங்களால் பாட முடியாதபோது மற்றவர்கள் பாடட்டும். தூக்கமும் பசியும்கூடக் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சகோதரி, எழுபதைத் தாண்டிவிட்டேன். ஞாயிறு பள்ளி, வேதபாடம் என்று வாழ்நாளெல்லாம் கற்றுக்கொடுத்தாயிற்று. இனி புதிதாக எனக்கு என்ன இருக்கிறது?

ஐயா, 85 வயதில் காலேப் மலைநாட்டைக் கேட்டு வாங்கினார். பவுல் மரணத்தை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபோதும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதினார். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கற்றுக்கொடுப்பதற்காக நீங்கள் இதுவரை படிக்காத ஒரு புத்தகத்தை எடுங்கள். எசேக்கியேல், சகரியா, எதுவானாலும் சரி. பாடம் தயாரிக்காமல், குறிப்பு எடுக்காமல், கர்த்தருக்கும் உங்களுக்கும் மட்டுமாகப் படியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாலிபனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பாடம் எடுக்க வேண்டாம், அவன் கேட்கட்டும்.