ரசிகனுக்கு மட்டும் பட்டமளிப்பு விழா கிடையாது

போன இதழ்ல பேச்சுவாக்குல "நான் 1987லேருந்து கன்சாஸ் யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்கு ரசிகன்"னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கேள்விங்க வழக்கத்தைவிட ஜாஸ்தி. பாதி கிண்டல், பாதி நிஜ சந்தேகம். பொறுக்கி எடுத்தது இங்க.

கேள்வி: காலேஜ் பசங்க ஆடற ஆட்டத்துக்கு இவ்ளோ அலப்பறையா? என்பிஏ பாக்க வேண்டியதுதானே சார்? (திருச்சி வாசகர்)

பதில்: என்பிஏன்னா அமெரிக்காவோட ப்ரொபஷனல் லீக், கன்சாஸ் மாநிலத்துல அந்த லீக் டீமே கிடையாது சார். பக்கத்துல கன்சாஸ் சிட்டில கிங்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் 1985ல மூட்டை கட்டிட்டு சாக்ரமென்டோ போயிடுச்சு, நான் வந்து இறங்கினது 87 ஆகஸ்ட்ல. கண்ணுக்கெட்டின தூரம் கோதுமை வயல், நடுவுல லாரன்ஸ்னு ஒரு சின்ன ஊர், ஊருக்கு நடுவுல ஒரு குன்று, குன்று மேல யூனிவர்சிட்டி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போறதுக்கு இடமில்ல, கைல காசும் இல்ல.

ரூம்மேட் ஒரு விவசாயி வீட்டுப் பையன், மேற்கு கன்சாஸ். டிசம்பர்ல ஒரு நாள் "கோட்டை மாட்டு, கிளம்பு"ன்னு இழுத்துட்டு போனான், ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955ல கட்டினது, பதினஞ்சாயிரம் பேருக்கு மேல உக்காரலாம். வெளிய பனி கொட்டுது, உள்ள சட்டை நனையற அளவுக்கு புழுக்கம், பெஞ்சுல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காராத குறைதான். மேட்ச் முடியப்போகுது, ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சதும் அவ்ளோ நேரம் கத்திட்டு இருந்த கூட்டம் திடீர்னு குரலை இறக்கி, இழுத்து இழுத்து "ராக்... சாக்... ஜேஹாக்... கே...யூ..."ன்னு (ஜேஹாக் எங்க டீம் பேரு, கேயூ யூனிவர்சிட்டி பேரோட சுருக்கம்) ஆரம்பிச்சுது பாருங்க, நான் ஸ்ரீரங்கத்துக்காரன், எனக்கு அந்த நிமிஷம் கோயில்ல கோஷ்டி சேவிக்கற மாதிரி இருந்துச்சு, ரோமம் சிலிர்த்துடுச்சு, பாஸ்கெட்பால்ல ஒரு கூடைக்கு எத்தனை பாயின்ட்னு கூட அப்ப எனக்கு தெரியாது. அந்த கோஷம் 1886ல ஒரு கெமிஸ்ட்ரி புரொபசர் சயின்ஸ் கிளப்புக்காக கூட்டாளிங்களோட சேர்ந்து கிளப்பி விட்டது, பாஸ்கெட்பால்ங்கற ஆட்டமே 1891லதான் பொறந்துச்சு. அதாவது ஆட்டத்துக்கு முன்னாடியே கோஷம் ரெடி.

இன்னொண்ணு. அந்த ஆட்டத்தை கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நைஸ்மித்தே 1898ல இங்க வந்து சேர்ந்து முதல் கோச்சா இருந்தவர். அவர் ரெக்கார்டு 55 வெற்றி, 60 தோல்வி. இந்த யூனிவர்சிட்டி வரலாற்றுல ஜெயிச்சதைவிட ஜாஸ்தி தோத்த ஒரே பாஸ்கெட்பால் கோச் யாருன்னா ஆட்டத்தை கண்டுபிடிச்ச மனுஷன்தான்! இப்படி ஒரு டீமை எப்படி சார் விடறது. அவர் உருவாக்கின ஒரிஜினல் 13 விதிகளை 2010ல ஒரு பழைய மாணவர் ஏலத்துல 43 லட்சம் டாலர் குடுத்து வாங்கினார், அது இப்ப ஃபீல்ட்ஹவுசை ஒட்டின கட்டடத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு.

கேள்வி: ஆளுங்க வருஷா வருஷம் மாறிட்டே இருப்பாங்களே, அப்ப நீங்க யாருக்குத்தான் ரசிகர்? (கோவை வாசகி)

பதில்: நல்லா கேட்டீங்கம்மா. ரஜினி ரசிகனுக்கு ரஜினி இருக்கார், எனக்கு யார் இருக்கா? 1988ல டேனி மானிங் ஆடினார். அந்த வருஷம் டீம் 11 மேட்ச் தோத்துச்சு, யாரும் மதிக்கல, ஆனா ஃபைனல்ல ஓக்லஹோமாவை 83-79னு சாய்ச்சுது, மானிங் மட்டும் 31 பாயின்ட், 18 ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்பற பந்தை பிடிக்கறது). வந்த முதல் வருஷமே கப்பு, எனக்கு என்னமோ வருஷா வருஷம் இப்படித்தான் நடக்கும்போலன்னு நினைப்பு. மானிங் படிப்பை முடிச்சு போயிட்டார், கோச் லேரி பிரவுன் என்பிஏவுக்கு போயிட்டார், விதிமீறல்னு சொல்லி அடுத்த வருஷ டோர்னமென்ட்ல ஆடவே கூடாதுன்னுட்டாங்க. அடுத்த கப்பு 2008ல. 20 வருஷம்மா! நடுவுல எனக்கு கல்யாணம் ஆகி, குழந்தை பொறந்து, முடி கொட்டி எல்லாம் ஆச்சு.

அப்புறம் புரிஞ்சுது. ஆட வர்றவனுக்கு 18 வயசு, போறப்ப 22, அடுத்த செட் வரும், அதுவும் போகும். எனக்கு மட்டும் வருஷா வருஷம் ஒரு வயசு கூடுது. எல்லாரும் பாஸாகி போயிடறாங்க, ஃபெயிலாகி அதே கிளாஸ்ல அதே பெஞ்சுல உக்காந்திருக்கறது ரசிகன் மட்டும்தான். அதனால யாருக்கு ரசிகன்னு கேட்டா அந்த சட்டைக்கும் அந்த கட்டடத்துக்கும்தான் சொல்லணும், சட்டைக்குள்ள யார் இருக்கான்னு அப்புறம்தான் பாக்கறது.

கேள்வி: ட்யூக் யூனிவர்சிட்டி டீம் பிடிக்குமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: பிடிக்காது.

கேள்வி: ரொம்ப வலிச்ச தோல்வி எது? (மதுரை வாசகர்)

பதில்: அதுக்கு தனி இதழ் போடணும். மார்ச் மாச தேசிய டோர்னமென்ட்ல அறுபது டீமுக்கு மேல, ஒரு மேட்ச் தோத்தா பொட்டி கட்ட வேண்டியதுதான், அப்பீலே கிடையாது. 2003 ஃபைனல்ல சிரக்யூஸ்கிட்ட 81-78, அதாவது மூணே பாயின்ட், ஆனா நாங்க அன்னிக்கு 30 ஃப்ரீ த்ரோல 12தான் போட்டோம். ஃப்ரீ த்ரோன்னா என்ன தெரியுமா, எதிர்ல யாரும் தடுக்க மாட்டான், நின்னு நிதானமா போடலாம். பதினெட்டை விட்டோம். அது ஆறறதுக்குள்ள, ஒரே வாரத்துல, கோச் ராய் வில்லியம்ஸ், 15 வருஷம் இருந்தவர், நார்த் கரோலினாவுக்கு போறேன்னுட்டார். அது அவர் படிச்ச காலேஜ், போனது தப்பில்ல, இப்ப சொல்றேன். அப்ப சொன்னதெல்லாம் அச்சுல வராது.

அடுத்தது 2010ல நார்தர்ன் அயோவா யூனிவர்சிட்டிகிட்ட தோத்தது. நாங்க மொத்த டோர்னமென்ட்லயே நம்பர் ஒன், அவங்க தரவரிசைல ஒன்பதாவது சீட். கடைசி நிமிஷம், ஒரு பாயின்ட் முன்னால இருக்காங்க, பந்து அவங்க கைல. புத்தி உள்ளவன் பந்தை வச்சுக்கிட்டு நேரத்தை ஓட்டுவான். ஃபரோக்மனேஷ்னு ஒரு பையன், தனியா நிக்கறான், ஒரு செகண்ட் யோசிச்சான், நான் டிவிய பாத்து "போடு, போடு, விடப்போற"ன்னு சிரிக்கறேன், தூரத்துல இருந்து போடற த்ரீ பாயின்ட்டர், நேரா உள்ள. 69-67னு முடிஞ்சுது. அந்த சிரிப்புக்காக இன்னிக்கும் வருத்தப்படறேன்.

கேள்வி: 2018ல உங்க டீம் செமிஃபைனல் போனதை ரெக்கார்டுல இருந்தே தூக்கிட்டாங்களாமே? (டல்லாஸ் வாசகர்)

பதில்: ஆமா. ஒரு ஆட்டக்காரர் ஆட தகுதியில்லாதவர்னு தீர்ப்பாகி 2023 அக்டோபர்ல அந்த சீசன்ல 15 வெற்றி, அந்த ஃபைனல் ஃபோர் (செமிஃபைனல் போனது) எல்லாத்தையும் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க, ஃபீல்ட்ஹவுஸ்ல தொங்கின பேனரையும் இறக்கியாச்சு. தப்பு தப்புதான், அதுல வாதாட ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, அந்த வருஷம் ட்யூக்கோட மேட்ச் (மூணாவது கேள்விய திரும்ப படிச்சுக்கங்க), ஸ்கோர் சமம், கடைசி செகண்ட்ல கிரேசன் ஆலன் விட்ட பந்து போர்டுல பட்டு, வளையத்துல உருண்டு, உள்ள எட்டிப்பாத்து, வேணாம்னு வெளிய விழுந்துச்சு. ஓவர்டைம்ல நாங்க போட்ட 13 பாயின்ட்டும் மாலிக் நியூமன் ஒருத்தரே போட்டார், 85-81. இப்ப ரெக்கார்டு அந்த வெற்றியே இல்லங்குது. சரி, பேப்பர்ல அழிச்சாச்சு, அன்னிக்கு நான் குதிச்சதுல உடைஞ்ச டீப்பாய் கண்ணாடிக்கு யார் காசு குடுப்பா?

கேள்வி: வீட்டம்மா என்ன சொல்றாங்க? (பெயர் வேண்டாம்னு எழுதின சென்னை வாசகி)

பதில்: 2022 ஏப்ரல் 4, ஃபைனல், எதிர்ல அதே நார்த் கரோலினா. ஹாஃப் டைம்ல 40-25, பதினஞ்சு பாயின்ட் பின்னாடி. ஃபைனல்ல ஹாஃப் டைம்ல அவ்ளோ பள்ளத்துல இருந்து அதுவரைக்கும் யாரும் எந்திரிச்சதில்ல. நான் வெறுத்துப்போய் எந்திரிச்சு கிச்சனுக்கு போயிட்டேன், ராத்திரி ஒன்பதரை, மாவு வெளிய இருந்துச்சு, சரி தோசையாவது ஊத்துவோம்னு கல்லை போட்டேன். ரெண்டாவது தோசை திருப்பறேன், ஹால்ல சத்தம். எட்டிப்பாக்க வந்தா அவ கையை நீட்டி தடுக்கறா, "நீங்க உள்ள போனதுலேருந்துதான் போடறானுங்க, வராதீங்க, ஊத்துங்க!" பையனும் அவகூட சேர்ந்துட்டான். அவளுக்கு பாஸ்கெட்பால்ல இன்னிக்கும் ட்ராவலிங்னா என்னன்னு தெரியாது, ஆனா ராசி தெரியும்.

நானும் ஊத்திட்டே இருந்தேன். ஹால்ல கத்தினா நாங்க போட்டோம், அமைதியா இருந்தா அவங்க போட்டாங்க, அவ்ளோதான் எனக்கு கமென்ட்ரி. முடியறதுக்கு நாலு செகண்ட் இருக்கறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து "ஐயோ"ன்னாங்க. நம்ம பையன் டஹ்வான் ஹாரிஸ் பந்தோட கோட்டை மிதிச்சுட்டான், பந்து அவங்க கைக்கு போயிடுச்சு, மூணு பாயின்ட்தான் முன்னால இருக்கோம். கரண்டிய பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டேன். அவங்க விட்ட கடைசி த்ரீ விழல. 72-69. என் ஆயுசுல பெரிய மேட்ச், அதுல பாதிய நான் பாக்கவே இல்ல. பதினாலு தோசை, கடைசி ரெண்டு கரி.

கேள்வி: இப்பல்லாம் காலேஜ் பசங்களுக்கு சம்பளமாமே, அதுக்கப்புறமும் அதே பாசம் வருதா? (ஈரோடு வாசகர்)

பதில்: காசு வாங்கறது எனக்கு சந்தோஷம்தான். இத்தனை வருஷம் டிவி கம்பெனி சம்பாதிச்சுது, கோச் சம்பாதிச்சார், சட்டை வித்தவன் சம்பாதிச்சான், வேர்வை சிந்தினவனுக்கு ஸ்காலர்ஷிப்பும் சாப்பாடும்தான். 2021லேருந்து அவங்க பேரை வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், 2025லேருந்து யூனிவர்சிட்டியே நேரா பங்கு குடுக்கலாம். கஷ்டம் வேற இடத்துல. இப்ப வருஷா வருஷம் டீம் மாறலாம், நவம்பர்ல பேரை மனப்பாடம் பண்ணி முடிக்கறேன், ஏப்ரல்ல ஆள் வேற ஊர்ல இருக்கான். நாலு வருஷம் பாத்து, ஒல்லிப் பையனா வந்தவன் தோள் அகலமாகி, கடைசி ஹோம் மேட்ச்ல அம்மா அப்பாவோட நடுவுல நின்னு பேசறப்ப நம்மளும் மூக்கை உறிஞ்சுவோமே, அது குறைஞ்சு போச்சு. பாசம் வருது, ஆனா முன்ன மாதிரி ஊற நேரமில்ல.

கேள்வி: என் பையன் லாரன்ஸ்ல எம்.எஸ். சேரப்போறான். டிக்கெட் கிடைக்குமா, படிப்பு கெட்டுடுமா? (சேலம், ஒரு அப்பா)

பதில்: ரெண்டுமே நடக்க வாய்ப்பிருக்குங்க. ஸ்டூடன்ட் டிக்கெட் தனி, ஆனா நல்ல சீட் வேணும்னா கேம்பிங்னு ஒண்ணு இருக்கு, பசங்க குரூப்பா பேர் குடுத்து நாள் கணக்கா முறை வச்சு ஃபீல்ட்ஹவுஸ்ல காத்திருப்பாங்க, ஆஜர் எடுக்கறப்ப குரூப்ல ஒருத்தராவது இல்லேன்னா வரிசை போச்சு. லேப்டாப்போட அங்கயே உக்காந்து அசைன்மென்ட் எழுதலாம், நிறைய பேர் எழுதறாங்க, அதனால படிப்பு முழுசா கெடாது.

தம்பிகிட்ட ரெண்டு விஷயம் சொல்லி அனுப்புங்க. எதிர் டீம் ஆளுங்க பேரை கூப்பிடறப்ப ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் பேப்பரை விரிச்சு படிக்கற மாதிரி முகத்தை மறைச்சுப்பாங்க, நம்ம ஆளுங்க பேர் வந்ததும் அதையே கிழிச்சு மேல எறிவாங்க, அதனால காலேஜ் பேப்பர் ஒண்ணு கைல இருக்கணும். இன்னொண்ணு, ஜெயிச்சதும் 15,000 பேர் ரெண்டு கையையும் தூக்கி மெதுவா அசைப்பாங்க, கோதுமை வயல் காத்துல ஆடற மாதிரி. அவன் சேலத்துப் பையன், நெல்லு ஆடறதை பாத்திருப்பான், சொல்லித்தர வேண்டியதில்ல. வடக்குப் பக்கம் மேல் வரிசையில கரண்டிய பிடிச்ச மாதிரி ஒரு கையை மட்டும் ஆட்டிட்டு ஒரு கிழவன் நின்னா வந்து பேசச் சொல்லுங்க.