ரிஸ்க் யார் தலையில்? நெடுஞ்சாலை, மெட்ரோ பிபிபி ஒப்பந்தங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், நான் சிவில் இறுதியாண்டு மாணவன். ரிஸ்க்கைத் தனியாரிடம் தள்ளிவிடுவதுதான் பிபிபி (அரசு-தனியார் கூட்டுத் திட்டம்) என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. வேலை இழுத்தடித்தால், தார் சீக்கிரம் பெயர்ந்தால், அது ஒப்பந்ததாரர் கையில் இருக்கும் விஷயம். அவரே சுமக்கட்டும். நில எடுப்பு, வன அனுமதி, மின்கம்பங்களை நகர்த்துவது எல்லாம் அரசின் கையில் இருப்பவை. அதையும் அவர் தலையில் கட்டினால் அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலை வைப்பார், இல்லை பாதியில் கைவிடுவார். சென்னைத் துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தின் நீரோட்டத்துக்குத் தூண்கள் இடைஞ்சல் என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. எவ்வளவு திறமையான கம்பெனியாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

கேள்வி: 80 சதவீத நிலம் கையில் வந்த பிறகுதான் வேலை என்கிறார்களே, அது போதாதா?

நல்ல விதி. ஆனால் எந்த 80 என்று பார்க்க வேண்டும். மீதி 20 ஒரே இடத்தில் இருக்காது. இங்கே ஒரு கோயில், அங்கே ஒரு கிணறு, வழக்கில் கிடக்கும் நாலு கடைகள் என்று துண்டு துண்டாகக் கிடக்கும். அதனால் போட்டு முடித்த சாலையும் இடையிடையே அறுந்து நிற்கும்.

கேள்வி: எதிர்பார்த்த அளவு வண்டி வராவிட்டால்? குறைந்தபட்ச வருமானத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்துவிடலாமே?

இங்கேதான் பெரிய பணம் போகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1980களின் கடைசியில் மெக்சிகோ, குறைந்த வருடங்களில் சாலையைத் திருப்பித் தருகிறேன் என்றவர்களுக்கு டெண்டர் கொடுத்தது. குறுகிய காலத்தில் போட்ட காசை எடுக்கச் சுங்கத்தை ஏற்றினார்கள். லாரிகள் பழைய இலவசச் சாலையிலேயே போயின. 1994-ல் மெக்சிகோ நாணயமான பெசோவும் சரிந்தது. 1997-ல் அரசு 23 சாலைகளைக் கடனோடு ஏற்க வேண்டியதாயிற்று.

உத்தரவாதமும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதல்ல. டெல்லி-நொய்டா டிஎன்டி பாலத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீத லாபம் உறுதி என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். லாபம் குறைந்தால் அந்தப் பற்றாக்குறை திட்டச் செலவில் சேர்ந்தது. வசூல் நடக்க நடக்க, எடுக்க வேண்டிய தொகையும் வளர்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016-ல் சுங்கத்தை நிறுத்தியது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சிலி 1998-ல் சான்டியாகோ-வால்பராய்சோ சாலையில் வேறு வழி பிடித்தது. வருங்கால வசூலை இன்றைய பண மதிப்புக்கு மாற்றிக் கணக்கிட்டு, யார் குறைந்த மொத்த வசூல் கேட்கிறாரோ அவருக்கு ஒப்பந்தம். அந்தத் தொகை வந்ததும் ஒப்பந்தம் முடியும். வண்டி குறைந்தால் காலம் நீளும், கூடினால் சுருங்கும். எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். நம் தேசிய நெடுஞ்சாலை மாதிரி ஒப்பந்தத்திலும் இதன் சாயல் உண்டு: இலக்கு வைத்த வண்டி வரத்து 1 சதவீதம் குறைந்தால் ஒப்பந்தக் காலம் 1.5 சதவீதம் நீளும், அதிகபட்சம் 20 சதவீதம்.

கேள்வி: டாலரில் கடன் வாங்கலாமா?

வசூல் ரூபாயில் என்றால் முடிந்தவரை ரூபாயிலேயே வாங்குங்கள். டாலர் ஏறினால் டோல் கட்டணத்தை அதே வேகத்தில் ஏற்ற எந்த அரசும் விடாது.

கேள்வி: ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும்?

டெல்லி விமான நிலைய மெட்ரோவைப் பாருங்கள். பாலமும் சுரங்கமும் அரசின் டிஎம்ஆர்சி (டெல்லி மெட்ரோ ரயில் நிறுவனம்) கட்டியது. ரயிலும் சிக்னலும் தனியார் பொறுப்பு. பாலத்தில் கோளாறு என்று 2012 ஜூலையில் ரயிலை நிறுத்தினார்கள், அப்புறம் தனியார் ஒப்பந்தத்தையே முறித்தார். 2017-ல் நடுவர் மன்றம் தனியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2024-ல் அதே நீதிமன்றம் சீராய்வுக்கும் பிந்தைய மனுவில் அந்த நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் ஓட்டும் திட்டத்தில், ஒப்படைக்கும் நாளில் குறைகளை இருவரும் சேர்ந்து பதிவு செய்வதும், அதைச் சரிசெய்யக் கெடு வைப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: ஹாம் (ஹைப்ரிட் ஆன்யுட்டி) முறையில் வண்டி குறையும் தொல்லை இல்லையா?

வண்டி வரத்து ரிஸ்க் தனியாருக்கு இல்லை. 2016-ல் வந்த இந்த முறையில் 40 சதவீதம் கட்டும்போதே அரசு தரும், மீதி 15 வருடத் தவணைகளில். டோல் அரசுக்கு. ஆனால் வரத்து குறைந்தாலும் தவணை நிற்காது. அதனால் எல்லாத் திட்டங்களின் தவணைகளையும் வருடவாரியாகக் கூட்டி பட்ஜெட்டோடு சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள்.